சக்கரம் வைத்த வீட்டில் நான்கு நாள்

வண்டிக்குள் பால் பொங்கியது. பொங்கி, பின்பக்கமாக ஓடி, படியில் சொட்டியது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் சரிவில் நிறுத்திய வண்டியில் அது வேறெங்கே ஓடும்? புதுக் குடித்தனம் போகிற வீட்டில் பால் கிழக்கே பொங்க வேண்டும், இல்லை வடக்கே. இது மேற்கே, ஏரிப்பக்கம் போயிருந்தது. அக்கா கரண்டியைப் பிடித்தபடி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் பொங்குனா என்ன புள்ள?" என்றார் அவள் புருஷன். "வண்டியத் திருப்பி நிப்பாட்டுனாக் கெழக்கு."

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தாய் என்று அக்கா பிற்பாடு என்னோடு சண்டை போட்டாள். இத்தனை வருஷம் கழித்து எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்காவைக் கட்டிய மச்சானுக்குக் கொடைக்கானலில் மோட்டார்ப் பட்டறை. சீசனில் வருகிற வெள்ளைக்காரர்களின் கார்களும், இரண்டு எஸ்டேட் லாரிகளும், கரி பிடித்த ஒரு தகரக் கொட்டகையும்தான் அவர் உலகம். பட்டறைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டுச் சுவரில் கை வைத்தால் கை நனையும். பாய்க்கு அடியில் பூஞ்சை, அரிசிப் பானைக்குள் பூஞ்சை. ஜன்னலைத் திறந்தால் மஞ்சு மூட்டம் உள்ளே வந்து யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொள்ளும். அக்காவுக்கு அங்கே போன மூன்றாம் வருஷம் இளைப்பு வந்தது. மூன்று வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள், நெஞ்சுக்குள் துருத்தி ஊதும், அப்புறம் அடுத்த மூன்று வார்த்தை. உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். இன்னொரு மார்கழி இந்த மலையில் இவள் தாங்கமாட்டாள், கீழே குடிவையுங்கள். அக்கா அதைப் புருஷனிடம் நூறு தடவை சொன்னாள். கீழே ஒரு வீடு. ஓலைக் குடிசை என்றாலும் சரி.

"நான் மேல, நீ கீழயா? ஊரு எதால சிரிக்கும்?" இது அவர் பதில். அப்புறம் பல மாதம் பட்டறையில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். உலக யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிட்டரி ஆம்புலன்ஸ் ஒன்றைப் பிடித்துப் போட்டிருந்தார். ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காரவான் என்கிற சக்கர வீட்டைக் கொண்டுவந்து தங்கிய நாளிலிருந்து அவருக்கு அந்தக் கிறுக்கு. இரண்டு பலகைக் கட்டில், தென்னை நார் மெத்தை, சுவரோடு மடங்குகிற மேசை, ஸ்டவ் வைக்க ஒரு தகரப் பொந்து. ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொன்னார். அக்காதான் தைத்தாள், ஓரமெல்லாம் சின்னச் சின்னச் சங்கிலித் தையல். எதற்கென்று தெரியாமலே தைத்தாள்.

"கீழ வீடு கேட்டேல்ல? இந்தா, கீழ போற வீடு. நாலு நாளு ஆத்தங்கரையில ரெஸ்ட் எடுத்துட்டு வருவோம். கொழுந்தியா, நீயும் ஏறு. பொறவு ஒங்கக்காள நான் கவனிக்கலன்னு சொல்லப்படாதுல்ல."

லீவுக்கு வந்திருந்த நான் சாட்சிக்கு ஏறினேன். அவருக்குச் சாட்சியா, அவளுக்கா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பெருமாள்மலை தாண்டும்வரை மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். வேறென்ன செய்ய, பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டி வைதுகொள்கிற அந்தப் பெட்டிக்குள்? ஊத்து என்கிற ஊர் வந்தபோது ஐந்து வார்த்தை. டம்டம் பாறை வளைவில், "அந்தத் தண்ணி விழுகுறதப் பாருடி, பால ஊத்துன மாதிரி," என்று ஒரே இழுப்பில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். மலை காலடிக்கு வந்ததும் மெத்தையில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். ஏழு வருஷத்தில் அவள் மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லை.

பெரியகுளத்துக்கு இந்தப் பக்கம், வராக நதிக்கரையில், மாந்தோப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினார். ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. ஆறு செம்மண் கலங்கல் தெளிந்து, மருத மர வேர்களைக் கழுவிக்கொண்டு போனது. அழகான இடம்தான். அந்த அழகைப் பார்த்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நிமிர்ந்தால் மலை. அதன் விளிம்பில் இருட்டியதும் கொடைக்கானல் விளக்குகள், போலீஸ்காரன் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டு.

மச்சான் மடக்கு நாற்காலியை விரித்து பனியனோடு உட்கார்ந்தார். ரெஸ்ட் எடுத்தார். காபி கேட்டார், தண்ணீர் கேட்டார், முதுகு சொறிய விசிறிக் காம்பு கேட்டார். அக்கா விடியலில் எழுந்து பின்படிக்குக் கீழே மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். அவர் எழுந்ததும் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று வண்டியைப் பத்தடி நகர்த்தினார். பின்சக்கரம் கோலத்தின் மேலேயே போனது. மறுநாள் புது இடத்தில் புதுக் கோலம். மறுபடியும் நகர்த்தினார்.

"கோலம் போட்ட எடத்த விட்டு வீட்ட நகட்டுறாரே, இந்த மனுசன் என்ன சாதி மனுசன்?" என்று துணி துவைக்க வந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"ஏக்கா, வாசப்படி பின்னால இருக்கு, அப்ப ஒங்க வீட்டுக்குப் பொழக்கட எங்கிட்டு?"

"பெட்ரோல் ஊத்துற பக்கம்," என்றாள் அக்கா. எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். அவள் இப்படிப் பேசக்கூடியவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவர்களில் ஒருத்தி சிரிக்கவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிற விதவைப் பெண். திரைத்துணியின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்து, "இந்தத் தையல் யாரு போட்டது?" என்றாள். கூலிக்கு வந்தவர்களை அதட்டுகிற குரலில். அக்கா தன்னைக் காட்டினாள். "பொத்தான் ஓட்டை கட்டுவியா?" என்றாள் அவள். மச்சான் நாற்காலியிலிருந்து, "அங்க என்ன கூட்டம்?" என்று கத்தினார். நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

அன்று ஆற்றில் குளிக்கும்போது அக்கா கேட்டாள். "ஏண்டி, திண்டுக்கல்ல ஒங்கூட வந்து இருக்கட்டுமா?"

"ஒரு ரூம்ல மூணு டீச்சருங்க இருக்கோம்க்கா."

"பாயி விரிக்கிற எடந்தானடி கேட்டேன்."

ஹவுஸ் ஓனர் என்ன சொல்வாரோ, மற்ற இரண்டு பேர் என்ன நினைப்பார்களோ என்று நான் இழுத்தேன். அவள் முங்கி எழுந்தாள். தலை துவட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அன்று முழுக்க எனக்குச் சோறு மட்டும் போட்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

மூன்றாம் நாள் மச்சானிடம் நானே போய் நின்றேன். வெட்கம் உந்தியிருக்க வேண்டும்.

"பாத்தீங்கள்ல மச்சான், மூணு நாளா ஒரு இழுப்பு இல்ல. மல்லாக்கப் படுத்துத் தூங்குறா."

"பாத்தேன், பாத்தேன்," என்றார் சந்தோஷமாக. "நல்லா ஆயிருச்சுல்ல? அப்பச் சோலி முடிஞ்சுச்சு. நாளைக்கு வெள்ளனே கெளம்பி வெரசா மேல போயிருவோம். மறுபடி இழுத்தா மறுபடி கூட்டியாறேன். எதுக்கு வண்டி கட்டிருக்கேன்?"

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. குணமானால் மேலே போக வேண்டும். குணமாகாவிட்டால், கீழே வந்தும் என்ன ஆச்சு என்று அதற்கும் மேலேதான் போக வேண்டும். எந்தப் பக்கம் பொங்கினாலும் அவர் வண்டியைத் திருப்பிக்கொள்வார். அவள் நீரை இறுத்துவிட்டு அரிசியை உலையில் போட்டாள்.

நான்காம் நாள் காலை பால் வாங்கி வருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு போனாள். கோலம் போட்டுவிட்டுத்தான் போனாள். மச்சான் நாற்காலியை மடக்கினார், மேசையை மடக்கினார், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார், ஹாரன் அடித்தார். வெயில் ஏறியது.

"எங்க போனா இவ?" என்றார் மரத்தைப் பார்த்து. அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் எடங்கூடக் குடுக்கல மச்சான்," என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

துவைக்கிற பெண்களிடம் கேட்டோம். ஒருத்தி தெருவைக் கைகாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல்காரப் பெண்ணின் வீட்டுக்குப் பக்கவாட்டில், விறகு போட்டு வைக்கிற ஒற்றை அறை. விறகு வெளியே கிடந்தது. தரை புதுச் சாணியில் ஈரமாக இருந்தது. உள்ளே மூன்று செங்கல்லின் மேல் எங்கள் செம்பு. பால் எல்லாப் பக்கமும் வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. தீய்ந்த வாடை தெருவரைக்கும் வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குப் பொத்தான் ஓட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சான் வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றப் போய், கழற்றாமல் நின்றார்.

"எந்திரி."

"பால் காச்சியாச்சுங்க."

"வெறகு கெடந்த எடத்துல குடியிருக்கப் போறியா? எம் பொண்டாட்டி?"

"காஞ்ச எடம்," என்றாள். ஊசி நிற்கவில்லை. "நீங்க வந்தா டம்ளர்ல பாலு தாரேன். கூப்புட வந்தீகன்னா நான் வரல."

"ஒரு மாசம் தாங்குமா இந்தத் திமிரு?"

மிஷின் வைத்திருந்த பெண் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அவ மார்கழியத் தாங்கட்டும் மொதல்ல. நீங்க வாசல விட்டுத் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. விறுவிறுவென்று ஆற்றுக்கு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். வண்டியைக் கிளப்பி, கோலத்தின் மேலேயே பின்னால் எடுத்தார். பத்தடி போய் நின்றது. இறங்கி, பின்கதவைத் திறந்து, ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கம்பியோடு வந்தது ஒன்று. எல்லாவற்றையும் சுருட்டி என் நெஞ்சில் எறிந்தார்.

"கொண்டுபோய்க் குடு. ஓட்ட வண்டிக்கு எதுக்குத் திரை? நீ ஏறுறியா?"

நான் ஏறவில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார். ஜன்னல்கள் திறந்த அந்த ஆம்புலன்ஸ் வெயிலில் மலையைப் பார்த்துப் போனது.

திரைகளை அக்காவின் மடியில் போட்டேன். அவள் முகர்ந்து பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"பெட்ரோல் நாத்தம் குடலப் புடுங்குது இத அப்பிடியே தூக்கிட்டு வந்து மடியில போடுறியே ஒனக்குப் படிச்ச புத்தி எங்கடி போச்சு ஆத்துல ரெண்டு அலசு அலசிட்டு வரக்கூடாதா இல்ல அதுக்கும் ஒன்னோட ரூம்ல எடமில்லையா?"

எண்ணிக்கொண்டே இருந்தேன். முழுக்க ஒரே மூச்சு. திரைகளை எடுத்துக்கொண்டு அலசப் போனேன்.