வெள்ளிக்கிழமை ஓடிய தறி

எங்கள் மருதமுனையில் 'அமத்துறது' என்று ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் அதற்குப் பதில் சொல்வதில்லை. யோசிப்பதும் இல்லை. அந்தக் குரலுக்கு மேலே தன் குரலை ஏற்றி, எதிராளி வாயை மூடும்வரை கத்துவார். கடைசியில் யாருடைய வாய் திறந்திருக்கிறதோ அவர் பக்கம் நியாயம். "ஆள அமத்திப்போட்டான்" என்று சனம் மெச்சிக்கொண்டு கலையும். போன மாதம் ஒரு பாடசாலைக் கூட்டத்திலும் இதைப் பார்த்தேன். பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் வருவதில்லை என்று சொல்ல எழுந்த ஒரு தாயை, முன்வரிசை மனிதர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் அமத்தி உட்கார வைத்தார். வெளியே வந்தவர்கள் அவரைத்தான் புகழ்ந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இதே வேலையை ஒரு பெண் செய்தால் சொல்லே மாறிவிடும். அவள் வாயாடி, அடங்காதவள், ஆம்பிளை இல்லாத வீட்டில் வளர்ந்தவள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குடும்பத்தில் அமத்துவதில் கெட்டிக்காரர் பெரியாப்பா. வாப்பாவோடு கூடப்பிறந்த மூத்த காக்கா. கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்பது அவருடைய தொழில். கடல் இரைச்சலையும் வியாபாரிகளின் கூச்சலையும் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை அது. அந்தத் தொண்டையைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி கேட்டாலும் நாலு வளவுக்குக் கேட்கும்.

வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு எங்களுக்குப் பொறுப்பு அவர்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. நாங்கள் இருந்த வீடும் உம்மாவின் வீடுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் யார் கதைப்பது என்பது மட்டும் வேறு கணக்கு. வீட்டுக்குப் பின்னால், விருந்தாளிகள் உட்காரும் மண்டபத்தின் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டில். அதில் இரண்டு கைத்தறிகள். ஒன்றில் உம்மா நெய்தார். மற்றதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மூத்த சகோதரி ராத்தா நெய்தார். எங்கள் சாப்பாடு, உடுப்பு, ராத்தாவின் டியூஷன் எல்லாம் அந்த இரண்டு தறிகளிலிருந்துதான் வந்தன. பெரியாப்பாவின் பொறுப்பு குரலில் மட்டும் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராத்தா பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பெரியாப்பா வந்து, சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை அவர்கள் வருவார்கள் என்றும், கலியாணம் அடுத்த மாதமே என்றும் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

"மச்சான், நான் செல்லுறதயும் ஒருக்காக் கேளுங்க. புள்ள பரீட்ச எழுதட்டும். அதுக்குப் பொறகு…" என்று உம்மா தொடங்கினார்.

"பரீட்ச எழுதி என்னத்தக் கிழிக்கப் போறா? நீ பேசாம இரி புள்ள! ஆம்புள கதைக்கக்குள்ள என்ன குறுக்க கத?"

உம்மா மறுபடியும் தொடங்கினார். பெரியாப்பா இன்னும் ஒரு படி ஏறினார். உம்மா மூன்றாவது முறையும் வாய் திறந்தபோது, அந்தக் குரலில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வளவில் உரல் இடித்த சத்தம் நின்றுவிட்டது. உம்மா வாயை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற ராத்தாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

அவர் போனதும் நான் உம்மாவின் மீது பாய்ந்தேன். "நீங்களும் கத்துங்களன்! ஏன் கத்தல்ல?"

"நான் கத்தினா என்ட சத்தம்தான் வெளிய கேக்கும் மகள். என்ட கத கேக்காது" என்றார் உம்மா.

பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். அந்த ஆத்திரத்தோடுதான் வெள்ளிக்கிழமைவரை நடமாடினேன். ராத்தா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். உம்மா ஒன்றுமே நடக்காததுபோல் நெய்தார். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு தறிகளிலும் சாரன் துணிகள் நெய்து முடிந்தன. உம்மா அவற்றை வெட்டியெடுத்து வியாபாரிக்குக் கொடுத்தனுப்பினார். தறியில் ஏற்றும் புதுப் பாவு நூல் சனிக்கிழமைதான் வரும். நூல் இல்லாமல் இரண்டு தறிகளும் எலும்பும் தோலுமாக நின்றன.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாட்களில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருப்பதால், எங்கள் சனம் பக்கத்திலிருப்பவரோடு கதைக்கும்போதும் உரத்துத்தான் கதைக்கும். அன்றைக்கு மட்டும் ஊர் அடங்கியிருக்கும். அதோடு, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எந்த நாளானாலும் தறியை நிறுத்திவிட வேண்டும். அது மரியாதை. நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, அவருடைய தம்பி, இன்னும் இரண்டு பேர். பெரியாப்பா மண்டபத்தின் நடுவில் கதிரை போட்டு, வீட்டைக் கட்டியவர்போல் உட்கார்ந்திருந்தார். உம்மாவும் ராத்தாவும் இருந்த அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு சீலை தொங்கியது. அந்த அறைக்கு மற்றொரு கதவு உண்டு. அது கொட்டிலுக்குப் போகும். நான் மட்டும் சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் பார்த்தபடி நின்றேன்.

வட்டிலப்பமும் தேத்தண்ணியும் முடிந்தன. மாப்பிள்ளையின் வாப்பா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரி. புள்ளட சம்மதத்தக் கேட்டீங்களா?"

பெரியாப்பா சிரித்தார். "அதென்ன கேள்வி? எங்கட ஊட்டுப் பொம்புளப் புள்ளைகள் வாய் தொறக்க மாட்டாளுகள். பேசாம இரிந்தாச் சம்மதம்தானே. இந்தா, நீங்களே கேளுங்க, ஏதும் சத்தம் வருதா?"

கையைச் சீலைப் பக்கம் நீட்டினார். மண்டபத்தில் எல்லோரும் காது கொடுத்தார்கள். ஒரு கரண்டிகூட அசையவில்லை. நான் திரும்பி ராத்தாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கத்து, கத்து என்று எனக்கு நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது. உம்மா எழுந்தார். சரி, இப்போதாவது உம்மா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். உம்மா எங்களைத் தாண்டி, பின்கதவைத் திறந்துகொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

டக்.

பிறகு டக், டக், டக்கென்று தொடர்ந்தது. அடங்கிக் கிடந்த ஊரில், தகரக் கொட்டிலுக்குள் ஒரு தறி. மண்டபச் சுவரில் கையை வைத்தால் அதிர்வு தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பைகள் தட்டில் ஆடின.

"என்ன இது? ஆரது தறி ஓட்டுற?" என்று பெரியாப்பா கத்தினார். தறி இன்னும் பலத்தது. அவர் எழுந்து நின்று கத்தினார். அப்போது ராத்தாவும் எழுந்து பின்கதவால் போனார். சற்று நேரத்தில் இரண்டாவது தறியும் ஓடத் தொடங்கியது.

எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. விருந்தாளிகள் இருக்கும்போது தறி! அதுவும் வெள்ளிக்கிழமை! பெரியாப்பா மண்டபத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வாய் திறந்து மூடியது. ஒரு சொல் கேட்கவில்லை. கடலையே அமத்திய தொண்டை அன்றைக்கு ஒரு சுவரிடம் தோற்றுப்போனது.

மாப்பிள்ளையின் வாப்பா கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பெரியாப்பாவின் காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினார். சீலைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பேசாம இரிந்தாத்தானே சம்மதம்? இந்த ஊடு பேசாம இரிக்கல்லியே! வாங்க, நாங்க போவம்!"

அவர்கள் போனார்கள். அந்த மாப்பிள்ளை பிறகு திரும்பி வரவில்லை. பெரியாப்பாவும் வெகுகாலம் எங்கள் வாசல் படலையை மிதிக்கவில்லை. ராத்தா பரீட்சை எழுதினார். ஊர் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை தறி ஓட்டிய அகங்காரி என்று உம்மாவைச் சொன்னது. விருந்தாளியைத் துரத்தியவள் என்றது. ஒரு ஆளாவது, ஒரே ஒரு ஆளாவது, "அவ அவர அமத்திப்போட்டா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அன்றைக்கு என் கோபமெல்லாம் உம்மாவின் மீதுதான். விருந்தாளிகள் படலையைத் தாண்டுவதற்குள் நான் கொட்டிலுக்கு ஓடினேன். சண்டை நடக்கும்போது வேலையைப் பார்க்க வந்துவிட்டாரே என்று அழுகை அழுகையாக வந்தது. உம்மாவும் ராத்தாவும் ஒருவரையொருவர் பார்க்காமல், வியர்வை வழிய, மிதித்து மிதித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தறிகளிலும் ஊடுநூல் சுமக்க வேண்டிய நாடாக் கட்டைகள் அங்குமிங்கும் ஓடி முட்டின. அவை ஓடிய இடத்தில் ஒரு இழை இல்லை.

உம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவருடைய காதுக்குள், என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"உம்மா! தறியில நூல் இல்ல உம்மா!"

உம்மா என்னைப் பார்த்து ஓம் என்று தலையாட்டிவிட்டு, கயிற்றை இன்னும் பலமாக இழுத்தார். நான் கத்தியது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.