மெழுகுச் சுவர்

என் வீட்டுக்காரருக்கு மாலைக் காய்ச்சலும் இருமலும் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தொடங்கின. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்துவிட்டோம். எஸ்டேட் கம்பவுண்டர் பென்சிலின் ஊசி போட்டும் நிற்கவில்லை. சளியில் ரத்தம் வந்த பிறகே சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்றார் டாக்டர்.

"அந்த ஊசி ஏனுங்க கேக்கல?" என்றேன்.

"இந்தக் கிருமியோட சுவர்ல மெழுகு மாதிரி கொழுப்பு இருக்கும்மா. சாயம் ஏத்திட்டா அமிலம் ஊத்தினாலும் வெளுக்காது. அதை வச்சுத்தான் சளியில கண்டுபிடிக்கிறோம். அந்தச் சுவர் இருக்கிறதால பல மருந்து சேர்த்து, மாசக்கணக்கா குடுக்கணும்."

"மழைக்குக் கொங்காடை போட்டுட்டு வந்திருக்குதுங்களாட்ட," என்று தலையில் மாட்டும் மழைச் சாக்கை நினைத்து என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மருந்து வேலை செய்தது. உடம்பு தேறியது. பிழைத்ததற்கு நன்றியாகச் சேர்வராயன் மலைக்கோயில் திருவிழாவுக்குக் கவுச்சி தொடாமல் விரதம் இருந்தார். அப்போது என் தம்பி விளையாட்டாகச் சொன்னான்: "ஏனுங்க மச்சான், அந்தச் செவப்புக் கேப்சூல் கூடு மாட்டெலும்புல செய்யறதாமா. கறிய வுட்டுப்போட்டு எலும்ப முழுங்கறீங்களே."

அவர் மற்ற மாத்திரைகளை என் கண்ணெதிரே விழுங்கிவந்தார்.

திருவிழா முடிந்து மழை பிடித்தபோது ரத்தம் மறுபடி வந்தது. மருந்தை விட்டீர்களா என்று டாக்டர் கேட்டார்.

"சாமி காரியமுங்க. செவப்ப மட்டும் வுட்டனுங்க. பொறவு உடம்பு நல்லாத்தான இருக்குதுன்னு அதத் திரும்ப எடுக்காமயே வுட்டுட்டனுங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூடில்லாம சிரப்பு மருந்தா குடுத்திருப்பேனே," என்றார் டாக்டர்.

சிவப்பு இல்லாததால் மிச்சமிருந்த கிருமி மற்ற மருந்துகளுக்குப் பழகிவிட்டிருந்தது (மருந்துக்கு அடங்காத நிலை). புது மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பழம் பறிப்புக்கு அவர் இல்லை.

சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். சாமி அதைக் கேட்கவில்லை. தம்பியையும் சொல்ல மாட்டேன், அவன் இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்றுதான்: விரதமோ விசேஷமோ, மருந்தைத் தள்ளும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் சளியையும் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. கோயில் ஏற்றத்தில் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் அவர் நின்று இளைப்பாறும் வளைவு வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. ஒரு இருமல் அடங்கும் நேரம் நின்று, பிறகுதான் நடக்கிறேன்.