பதிலை நம்பாத டாக்டர்

பக்கத்து வீட்டுக்காரர் சரிபார்க்கக் கொண்டுவந்த மனுவில் சட்டப் பிரிவு தவறாக இருந்தது. பார்த்தேன், திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தர்) இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடத் தெளிவான நோய்க்குறி தேவையில்லை.

பிறகு தூக்கம் போனது. விடியுமுன் விழித்து, மார்பில் அம்மிக்கல் ஏற்றியதுபோல் கிடப்பேன். குளிப்பதும் சவரம் செய்வதும் யாரோ ஒருவருடைய வேலைகளாகத் தோன்றின. கொல்லைக் கிணற்றருகே நிற்பது மட்டும் சிரமமாக இல்லை.

என் மனைவி நல்லம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். கிணற்றைப் பலகையால் மூடிப் பூட்டுப் போட்டுவிட்டு, எதிர்வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தாள். தெரு அவளைத்தான் பைத்தியம் என்றது.

சேலத்தில் பெயர்பெற்ற டாக்டர் ஒருவரிடம் என்னை அழைத்துப் போனாள். அவர் கேட்டவை எனக்குப் பழகிய கேள்விகள். ஒருவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உத்தரவுக்கு டாக்டர்கள் தரும் ஸர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்த்தவன் நான். தேதி, கிழமை, அரசர் பெயர், சிறு கழித்தல் கணக்கு. பிசகில்லாமல் சொன்னேன். டாக்டர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க டாக்டரே, கேட்டதுக்கு அவுரு சரியாத்தானுங்க சொல்லுவாரு. அதுதானுங்க அவுரு பொழப்பே," என்று நல்லம்மாள் அழுதாள்.

என் மூளை தெளிவாக இருப்பதாக டாக்டர் அறிவித்தார். அழுகிறவளுக்குப் புரோமைடு (நரம்பை மந்தப்படுத்தும் உப்பு மருந்து) எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் அதை வாழைக்கு ஊற்றினாள்.

"இதாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்."

மனநோய் டாக்டரின் வேலை நீங்கள் பைத்தியமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதல்ல. அது மாஜிஸ்ட்ரேட்டின் வேலை. அவரும் அதைச் சுமாராகத்தான் செய்கிறார். உங்களை விட்டு எது போயிருக்கிறது, உயிருக்கு ஆபத்து உண்டா, எதைச் செய்தால் போனது திரும்பும் என்று பார்ப்பதே டாக்டரின் வேலை. இதை நான் சென்னையில்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கென்றே படித்த டாக்டர் ஒருவர் அங்கிருப்பதாக விசாரித்துப் போனோம். அவர் என்னை வெளியே உட்காரவைத்து, முதலில் நல்லம்மாளை அழைத்தார். கதவு திறந்தே இருந்தது.

"சாப்பாடு எப்படி அம்மா?"

"ஒரு நா கொழம்புல உப்பே போடாம வெச்சுப் பாத்தனுங்க. பேசாம உண்டுட்டு எந்திரிச்சுட்டாரு. முன்னயெல்லாம் ஒரு கல்லு கொறஞ்சாலும் எங்கப்பன் ஊடு வரைக்கும் இழுப்பாருங்க."

அதற்குப் பிறகே என்னை அழைத்தார். தேதி கேட்கவில்லை. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்றார், வயிற்றுவலி உண்டா என்று விசாரிப்பதுபோல. நான் தயாரித்து வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. ஆமாம் என்றேன். அவர் கேட்டதால் அந்த எண்ணம் எனக்குள் முளைத்துவிடவில்லை. அதுவரை நான் ஒருவனே அதைக் காவல் காத்திருந்தேன்.

மெலங்கோலியா (மனம் அமிழ்ந்து, உடலும் கூடவே தாழ்ந்துபோகும் நோய்) என்றார். கார்டியசால் (வலிப்பை வரவழைக்கும் ஊசி மருந்து) போடலாம் என்றார். "முதுகெலும்பு முறியலாம். ஞாபகம் கொஞ்சம் போகலாம். குணமாகாமலும் போகலாம். ஆனால் சும்மா இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

இப்படிப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுங்கள். நிச்சயம் குணமாகும் என்று சத்தியம் செய்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்தால் சொந்தச் சம்மதத்தில் ஆஸ்பத்திரியில் சேருங்கள். நான் அப்படித்தான் சேர்ந்தேன். வார்டில் ராசிபுரத்து நெசவாளி ஒருவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"சிரஸ்தார் சாமிங்களா! நீங்களுமா வந்துட்டீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கூட்டுல இருந்து மனு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

அவரை அனுப்பிய உத்தரவு என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கும். புத்தி தெளிந்துதான் இருந்தார். அழைத்துப்போக உறவினர் மனுக் கொடுக்க வேண்டும், யாரும் கொடுக்கவில்லை. நான் கிளம்பிய அன்றும் அதையே கேட்டார். ஊர் திரும்பியதும் அவர் வீட்டாருக்குச் சட்டப் பிரிவுகளோடு எழுதினேன். பதில் இல்லை.

ஊசி ஏறியபின் நினைவு தப்புவதற்குள் வரும் பயத்தை நான் விவரிக்கமாட்டேன். அனுபவிக்கப் போகிறவர்களுக்கு அது உதவாது. ஒரு காலையில், கஞ்சியில் உப்பு அதிகம் என்று வார்டு ஆளிடம் சண்டை போட்டேனாம். டாக்டர் உடனே நல்லம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாராம்.

இப்போது நிமிர்ந்தால் முதுகு வலிக்கிறது; வெள்ளைக்காரனின் யுத்தம் தொடங்கிய செய்தியை இரண்டு முறை புதிதாகக் கேட்டு அதிர்ந்தேன் என்கிறார்கள். அந்த மழைக்காலம் என்னிடம் இல்லை. தேதி கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மனுக்களில் பிழை கண்ணில் பட்டால் மட்டும் திருத்தாமல் விடுவதில்லை.

கிணற்றுப் பலகையை எடுத்துவிட்டோம். நோய் திரும்பவும் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் தண்ணீர் சேந்தும்போது நல்லம்மாள் சமையலறை வாசலுக்கு வந்து நிற்கிறாள். வாளி மேலே வந்ததும் உள்ளே போகிறாள். நிற்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.