எங்கள் இரண்டு பேர் இரத்தத்திலும்

போன வருஷம் ஆடி மழை நேரம். பகல் பதினோரு மணி இருக்கும். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்கா ஸ்டெல்லா திடீரென்று நின்றுவிட்டாள். பனி இறங்கி இடுப்பு வரை மூடியிருந்தது. நான் பக்கத்து நிரையில் நின்றேன்.

"அம்மா கூப்பிடுறாங்க புள்ள," என்றாள்.

எங்கள் அம்மா வயிறு வீங்கி இறந்து பன்னிரண்டு வருஷம். அக்கா திரும்பியபோதுதான் கண்ணைப் பார்த்தேன். முழுக்க மஞ்சள்.

சபையாரே, அவள் இரத்தத்தில் ஈரலைக் கெடுக்கும் கிருமி இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் இரத்ததானம் கொடுக்கப் போனபோது கண்டுபிடித்தார்கள். கிருமி அடங்கித்தான் இருக்கிறது, ஆனாலும் வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றார்கள். என்னையும் சோதிக்கச் சொன்னார்கள். அவள் ஒரு தடவையோடு விட்டுவிட்டாள். நான் போகவே இல்லை. பயம்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவளுக்குப் புத்தி தடுமாறியது. எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"சின்னக்குட்டி," என்றாள். அம்மா மட்டும் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. குரலும் அம்மாவுடையது போலவே இருந்தது. "ஒனக்குள்ளயும் ஒண்ணு உக்காந்திருக்கு. சத்தமே போடாம இருக்கு."

ஈரல் கெட்டால் விஷம் தலைக்கேறி இப்படிப் பேசுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். நான் வெளியே வந்தேன். வராந்தாவில் முழங்கால் போட்டேன். அக்காவைக் காப்பாற்றும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, ஒளிஞ்சிருக்கிறத வெளிய கொண்டு வாங்க" என்று வந்தது. நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது.

அன்று மத்தியானமே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்தார். அக்காவுக்கு மாத்திரை தொடங்கினார். கிருமியின் மரபணுவைப் பார்க்க அவள் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

"ஒப்பிட்டுப் பாக்கச் சுகமா இருக்கிற கூடப்பிறந்த ஆளின்ர இரத்தமும் வேணும். தங்கச்சி, நீங்கள் தருவீங்களோ?"

நான் ஜெபித்தது அப்போதுதான் எனக்கே விளங்கியது. கையை நீட்டினேன்.

சில வாரங்களில் அக்கா தெளிந்தாள். கண் வெளுத்தது. ஆஸ்பத்திரியில் பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. சின்னக்குட்டி என்ற பெயரே ஞாபகமில்லை என்றாள்.

பிறகு டாக்டர் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் அம்மாட்ட இருந்து வந்த கிருமிதான். அக்காவின்ர கிருமி தன்ர மரபணு எழுத்தில ஒண்டை மாத்திப் போட்டுது. அதாலதான் பழைய சோதனையில அடங்கின மாதிரித் தெரிஞ்சிருக்கு. உங்களிலயும் அதே மாற்றம் தொடங்கியிட்டுது. ஆனா ஈரல் இன்னும் கெடேல்லை. நல்ல நேரத்தில பிடிச்சிட்டம்."

நான் ஒரு நாளும் காய்ச்சலில் படுத்ததில்லை. கூடை நிறையக் கொழுந்தோடு மலை ஏறி இறங்கிய அத்தனை நாளும், அது உள்ளே இருந்து தன்னை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

கிருமி எங்களை விட்டுப் போகவில்லை. காலை ஜெபம் முடிந்ததும் இரண்டு பேரும் மாத்திரை போடுகிறோம். அக்கா உயிரோடு இருக்கிறாள். நான் அவளுக்காகத்தான் கேட்டேன். ஆண்டவர் இரண்டு பேரையும் காப்பாற்றிக் கொடுத்தார். அவருக்கே நன்றி.

என்னைப் போல் பயந்துகொண்டு இருக்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அவரை நம்பி வாருங்கள். இரத்தம் சோதிப்பது புதன்கிழமை கிளினிக்கில். காலை பஸ்ஸுக்கு நான் ஆலய வாசலில் நிற்பேன். ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன்.