பெயிண்டர் சம்சாரம் பேசிய பேச்சு

பஸ்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் அந்த மனுஷருக்கு வாய் ஓயாது. பட்டறையிலும் பேச்சு, வீட்டிலும் பேச்சு. அவர் மனைவி நேர்மாறு. சட்டை கம்பெனியில் தைத்த சட்டைகளில் நூல் பிசிர் வெட்டும் மேஜையில் வேலை. தையல் மிஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் புருஷன் இடைவெளி விடமாட்டார். உம் கொட்டியே காலம் ஓடிவிட்டது. வாயைப் பூட்டி சாவியைத் தொலைத்துவிட்டாயா என்று நாத்தனார் கேலி செய்வாள். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில்.

பெயிண்டருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று சொல்லிக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து நாளைக் கடத்தினார். ஒரு நாள் மனைவி கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூத்திரப்பையில் புற்றுநோய். பையையே எடுத்துவிடலாம், அல்லது கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பை இருக்கட்டும் என்றார் பெயிண்டர்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கட்டி மளமளவென்று வளர்கிறது. அந்த வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. அதனால் உள்ளே இருக்கும் செல்கள் ஆக்சிஜன் போதாமல் அரை உயிராகக் கிடக்கப் பழகிவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்தால்தான் கதிரின் அடி முழுசாக விழும். இல்லாவிட்டால் அவை தப்பித்துக்கொள்ளும். அதனால் கட்டிக்குள் ரத்த ஓட்டம் தடைபடாமல் இருக்க முன்கூட்டியே ஒரு மாத்திரை, கதிர் கொடுக்கும்போது மாஸ்க் வழியாக ஒரு வாயு. அநேகமாக எல்லாமே ஆக்சிஜன். ரத்தக்குழாய் சுருங்காமல் இருக்கக் கூடவே கொஞ்சம் கரியமில வாயு. சிகரெட்டையும் விட வேண்டும், புகை ரத்தத்தில் ஆக்சிஜனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். விட்டு ஒரு மாசமாச்சு என்று சத்தியம் செய்தார் பெயிண்டர். மனைவி தரையைப் பார்த்தாள்.

முதல் நாள் மாஸ்க் போட்டதுமே நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்துவிட்டார். கரியமில வாயு அப்படித்தான் செய்யும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்குமே தவிர முட்டாது, நானே போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று டெக்னீஷியன் எவ்வளவோ சொன்னான். மறுநாளும் அதே கதை. முடியாவிட்டால் கதிர் மட்டும் கொடுக்கலாம், பலன் கொஞ்சம் குறையலாம் என்றார் டாக்டரம்மா.

நான் கூட நிற்கட்டுமா என்று மனைவி கேட்டாள். கதிர் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது. டெக்னீஷியன் யோசித்தான். வெளியே இருக்கும் டிவியில் அவரைப் பார்க்கலாம், மைக்கில் பேசினால் அவருக்குக் கேட்கும் என்றான்.

"நீங்க பேசுறீங்களா அக்கா?"

"நானா?"

மைக் முன்னால் உட்கார்ந்தாள். டிவியில் அவர் கை மாஸ்க்கை நோக்கி எழும்பியது.

"கையைக் கீழ வைங்க," என்றாள்.

கை இறங்கியது. இவள் நிறுத்தினால் மறுபடி எழும்பியது. வேறு வழியில்லை, பேசினாள். உட்கார்ந்தபடியே குறட்டை விடும் சூப்பர்வைசரில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் போய், அப்புறம் மடை திறந்துவிட்டது.

"சமையல் ரூமுக்கு ஒரு பச்சை அடிச்சீங்களே, அது எனக்குப் புடிக்கவே இல்ல. இத்தனை வருஷமா சுவத்தைப் பார்க்காமதான் சமைக்கிறேன்."

டிவியில் பெயிண்டரின் வயிறு குலுங்கியது. டெக்னீஷியன் அவசரமாக மிஷினை நிறுத்தினான். அவரைச் சிரிக்க வைக்காதீர்கள், உடம்பு அசையக்கூடாது என்று கெஞ்சினான். அவனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாளொரு கதையாகச் சிகிச்சை நகர்ந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. வாந்தி எடுத்து எடுத்து ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் மாஸ்க்கில் கை வைக்கவில்லை. ஒரு நாள் அவர் சட்டையில் புகை வாசம் அடித்தது. அன்றைக்கு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"டூல் பெட்டிக்குள்ள சிகரெட் ஒளிச்சு வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். நான் எடுத்துப் போட மாட்டேன், நீங்கதான் போடணும். எனக்கு நீங்க வேணுங்க."

மாஸ்க்கின் ஓரமாகக் கண்ணீர் வழிந்தது. டெக்னீஷியன் திரும்பிக்கொண்டு எதையோ சரிபார்த்தான்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் பாக்கெட்டை எடுத்து வந்தார். அவள் எதிரிலேயே ஒவ்வொன்றாக ஒடித்துக் குப்பையில் போட்டார்.

சில மாதம் கழித்து மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி இல்லை. அந்த வாயுதான் காப்பாற்றியதா என்று பெயிண்டர் கேட்டார்.

"உங்க ஒருத்தரை வெச்சு அதைச் சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்குக் கட்டி இல்ல. ஆனா செக்கப்புக்கு வராம இருந்துடாதீங்க."

பெயிண்ட் நெடி உடம்புக்கு ஆகாது என்று ஸ்ப்ரே வேலையை விட்டுவிட்டார். இப்போது பிரஷ்ஷால் பஸ்களில் ஊர்ப் பெயர் எழுதுகிறார். கதிர் பட்ட பை முன்போல் தாங்குவதில்லை; எழுத்துக்கு எழுத்து பாத்ரூமுக்கு ஓடுவதாகப் பட்டறையில் கிண்டல் செய்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். செக்கப் நாள் வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் காலையில் சோறு இறங்காது. லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி, கூப்பிடும்வரை காத்திருக்கிறார்கள்.