மூன்று கிலோ மணல்

தராசு பழுது பார்க்கிறவனின் அப்பாவுக்கு வாய்க்கு முன்னே கை பேசும். தாத்தாவும் அப்படித்தானாம், அத்தைமார் சொல்வார்கள். அந்தக் கை ஒரு நாள் அண்ணனின் இடது காதில் விழுந்தது. அன்று அடைத்த காது இன்றுவரை திறக்கவில்லை. அதையும் மிஞ்சின கொடுமை, மறுநாள் காலையில் வீங்கிய கன்னத்தைப் பார்த்து அப்பா, "யாருடா உன்ன அடிச்சது?" என்று கேட்டாரே, அதுதான். நடிப்பில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அதனால் தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் உறவெல்லாம் வாழ்த்த, அண்ணன் மட்டும், "சந்தோஷம்டா. கைய பாத்துக்கோ" என்றார்.

அவன் மனைவி அந்த அப்பாவுக்கு நேரெதிர். புகார் கேட்கும் தொலைபேசி ஆபீசில் வேலை. காலையிலிருந்து காதில் மாட்டியதைக் கழற்றாமல் ஊரார் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார், உடனே கவனிக்கிறோம்" என்பாள். கட்டிக்கொண்ட ஆறு வருஷத்தில் குரல் உயர்ந்ததில்லை. பச்சத்தண்ணி என்றே அவளுக்குப் பட்டப்பெயர்.

ஏழாம் மாதப் பரிசோதனையில் அவன் நர்சம்மாவைத் தனியே பிடித்து, "பிள்ளை அழும்போது எனக்குக் கோவம் வந்துட்டா?" என்று கேட்டான்.

"மூணு கிலோ மணல துணியில கட்டுங்க. போன்ல குழந்தை அழுற சத்தத்த போடுங்க. தினம் அரை மணி நேரம் தூக்கிட்டு நடங்க. அவங்க தனியா, நீங்க தனியா. மனசு எங்க நழுவுதுன்னு தெரிஞ்சுடும்."

அவன் பழைய சட்டையில் அவள் இரட்டைத் தையல் போட்டுப் பை தைத்தாள். அவன் மணலைச் சலித்து, கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டான். நாலு மணிக்கு வீடு திரும்பியதும் அவள் முறை. ஏழு மணிக்கு அவன் முறை.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு வாரம் கழித்துப் பையைத் தட்டில் வைத்தான். அறுபது கிராம் குறைந்தது. ஊர்த் தராசையெல்லாம் நேராக்குகிறவன் வீட்டுத் தராசு கோணலா என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தான். தராசு சரி. அடுத்த வாரம் இன்னும் தொண்ணூறு. குனிந்து தேடினால் சுவரில் முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறத் தடம். அடியில் கால் பட்டால் நறநறவென்று மணல்.

தான் எறிந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. அப்பாவுக்கும்தான் ஞாபகம் இல்லையே!

அதிலிருந்து அவன் தட்டில் வைக்கும் எடைக்கல் நேராக நிற்கவில்லை. தராசைப் பழுது பார்க்கக் கொடுத்த மளிகைக்கடைக்காரர் கூடச் சிரித்தார்: "என்னப்பா, பிள்ளத்தாச்சி உன் சம்சாரமா, நீயா? படிக்கல்லு இப்படி ஆடுது!"

அன்று சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னான். "பிள்ளை பொறந்ததும் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ."

அவள் தட்டையே பார்த்தாள். "சாப்பிடுங்க, ஆறுது" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் முறைக்கு முன்னாலும் பின்னாலும் நிறுத்துப் பார்த்துவிட்டால் தன் கைதானா என்று தெரிந்துவிடும். நாலேகாலுக்கே வீடு வந்தான். உள்ளே போன் அழுதுகொண்டிருந்தது. கதவில் கை வைத்தான்.

தொம்.

ஜன்னல் வழியே பார்த்தான். அவள் குனிந்து பையை எடுத்தாள், தூசி தட்டினாள், மறுபடி சுவரில் எறிந்தாள். முகத்தில் கோபமே இல்லை. ஆபீசில் மன்னிப்புக் கேட்கும் அதே முகம். பிறகு உட்கார்ந்து, சிந்திய மணலைக் கையால் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டு, பிரிந்த தையலுக்கு ஊசி கோத்தாள்.

அவன் உள்ளே வந்ததும் ஊசி நின்றது.

"எத்தனை நாளா?" என்றான்.

"முதல் நாள்லேருந்து. அந்த அழுகை காதுல விழுந்தா போதும், நாள் பூரா வாங்கினதெல்லாம் கைக்கு வந்துடுது." ஊசியைப் பையிலேயே குத்திவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க உங்க கைன்னு நெனச்சீங்க. தெரிஞ்சேதான் விட்டேன். நீங்க வீட்ட விட்டுப் போறேன்னு சொன்னப்பகூட வாய் வரல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"மணல் சிந்துச்சு, நீங்க நிறுத்துக் கண்டுபிடிச்சீங்க," என்றாள் அவள். "பிள்ளைய எதுல வச்சுப் பாப்பீங்க?"

போன் இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் பையை நீட்டினாள். வாங்க அவனுக்குப் பயம், வைத்திருக்க அவளுக்குப் பயம். கடைசியில் வாங்கிக்கொண்டான். அவள் முறையில் மிச்சமிருந்த நேரமும் அவனே நடந்தான்.

மறுநாளே அண்ணனை அழைத்துவந்தார்கள். "அண்ணே, இங்கயே இருங்க. நான் எங்கயும் போகல. எங்க ரெண்டு பேர் கையையும் பாத்துக்க ஒரு ஆள் வேணும்."

"ஒத்தக் காதன நம்பியா வீட்ட விடறீங்க?" என்றார் அண்ணன். தம்பி சிரிப்பான் என்று பார்த்தார். சிரிக்கவில்லை. அவன் மனைவி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கை தானாக இடது காதுக்குப் போனது.

நாலு மணி ஆனது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். போன் அழத் தொடங்கியது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.