கப்பலில் கேட்ட பிள்ளைச் சேதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கடற்படைக் கப்பல் ஒன்றில் வயர்லெஸ் மெக்கானிக். கப்பல் என்றதும் மலைத்துவிடாதீர்கள். மலாக்கா நீரிணையில் ரோந்து சுற்றும் சின்னக் கப்பல்தான். உப்புக்காற்றில் செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துவிடும், உட்கார்ந்து சுரண்டுவேன். பேட்டரி அமிலம் தெறித்து என் சட்டையெல்லாம் சல்லடை. "பூச்சி அரிச்ச ஆளக் கட்டிக்கிட்டேன்" என்பாள் மனைவி.

அவளுக்குத் தலைப்பிரசவம். நாள் நெருங்கிய நேரம் பார்த்துக் கப்பல் கிளம்பியது. லீவு கேட்டேன், கப்பல் அதிகாரி வெள்ளைக்காரத் துரை கையை விரித்துவிட்டார். சொந்தச் சேதி அனுப்பவும் தடை. அதற்காக வயர்லெஸ்காரன் சும்மா இருப்பானா? கரையில் தந்தி தட்டுகிறவன் கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், சிநேகிதன். வயர்லெஸ் செட்டைச் சோதிக்கத் தினமும் காலையில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவான். அதைக் காதில் வாங்கிப் பார்ப்பது என் வேலை. "பையன்னா கடகடன்னு தட்டு. பொண்ணுன்னா நிறுத்தி நிறுத்தித் தட்டு. அதுவரைக்கும் எப்பவும் போல" என்றேன். "பெரிய ஆளுதான்டா நீ!" என்று முதுகில் ஓர் அறை விட்டான்.

கடலுக்குள் போன சில நாளிலேயே செட்டு செத்துப்போச்சு. வால்வை மாற்றினேன், ம்ஹூம். எஞ்சின் உதறலில் உள்ளே எங்கேயோ ஈயப்பற்று விட்டிருந்தது. கப்பல் ஆட, கை சுட, சோறு தண்ணி மறந்து தேடினேன். "இப்படி ஒரு கடமை உணர்ச்சியா!" என்று துரை வாசலில் நின்று உருகினார். பாவம், உருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஹெட்போனில் உயிர் வந்தது. நிறுத்தி, நிறுத்தி, நிறுத்தி... பொண்ணு! குதித்த குதியில் தலை மேலே இடித்தது. சமையல்கட்டில் சீனி வாங்கி எல்லார் வாயிலும் போட்டேன்.

என் வாயில் சீனி கரைவதற்குள் அடுத்த கவலை வந்தது. பிள்ளை பிறந்தாச்சு, சரி. அவள்? அவள் எப்படி இருக்கிறாள்? அதற்கென்று நாங்கள் எதுவும் பேசிவைக்கவில்லையே! என் கூட்டாளி ஒருவனின் பெண்சாதி அந்த வருஷம்தான் பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்திருந்தாள். திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பழுது பார்க்கிறவன் தந்தி தட்டக் கூடாது. அதற்கப்புறம் தினமும் காலையில் அதே தட்டு. பொண்ணு, பொண்ணு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

துறைமுகம் வந்ததும் சம்பான் படகில் தாவி, ரயிலைப் பிடித்து, கிள்ளானுக்கு ஓடினேன். சிநேகிதன் எங்கள் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பையும் நம்ப முடியாமல் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிறிப்போயிருந்தாள், ஆனால் இருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, பொண்ணாப் பொறந்துருச்சேன்னு அழுவுறீங்களா?"